ஷட்டர் பிய்ந்தால் கூரை பறக்கும்: தாழ்வான தொழிற்கூடங்களின் காற்றுக் கணக்கு

பத்து மாடிக் கட்டடத்தைக் காற்று தள்ளுகிறது. எட்டு மீட்டர் உயரமுள்ள தகடு வேய்ந்த ஷெட்டைக் காற்று தூக்குகிறது. தொழிற்கூடங்களுக்குக் காற்றுச் சுமை கணக்கிடும்போது முதலில் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். கான்கிரீட் கட்டடத்துக்குத் தன் எடையே பாதிப் பாதுகாப்பு. ஷெட்டின் கூரைக்கோ எடை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அரை மில்லிமீட்டர் தகடும் அதைத் தாங்கும் பர்லினும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ தேறும். அதே ஒரு சதுர மீட்டரைப் புயல் காற்று மேல்நோக்கி இழுக்கும் விசை, தமிழ்நாட்டின் வடகடலோரத்தில், விதி நூலின்படியே 200 கிலோவுக்கு மேல். ஆகவே இங்கே கூரை தாங்குமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. கூரையைத் தரையோடு கட்டிவைத்திருப்பது எது, அது எத்தனை வலுவானது என்று கேட்க வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே, 2016 டிசம்பர் 12-இல் சென்னையைக் கடந்த வர்தா, 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்த கஜா என ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மூன்று பெரும் புயல்கள் இந்தக் கரையைத் தாக்கின. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்தது, டெல்டாவின் தென்னைகள் விழுந்தது எல்லாம் நம் நினைவில் இருக்கின்றன. பறந்த தகரங்கள் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. மறுவாரமே புதுத் தகடு வாங்கி, பழைய பர்லினிலேயே, பழைய இடைவெளியிலேயே ஸ்க்ரூ அடித்து மூடிவிடுகிறார்கள்.

வர்தா கரை கடந்தபோது மணிக்கு 110 முதல் 120 கிலோமீட்டர் வேகம் என்றது வானிலை ஆய்வு மையம். சென்னைக்கு நமது விதி நூல் சொல்லும் அடிப்படை வேகமோ நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. வானிலை மையம் சொல்வது மூன்று நிமிடச் சராசரி. விதி நூல் சொல்வது மூன்றே வினாடி நீடிக்கும் சுழல்வீச்சின் உச்சம். திறந்த வெளியில் மூன்று நிமிடச் சராசரியைவிட மூன்று வினாடி உச்சம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் வர்தாவின் உச்சம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், 180-ஐத் தொடவில்லை. விதி நூலின் வேகத்தை எட்டாத காற்றிலேயே தகடுகள் பறந்தன என்றால், கோளாறு வேக வரைபடத்தில் இல்லை. வேகத்தைச் சுமையாக மாற்றும் படிகளிலும், அந்தச் சுமையைத் தரைவரை கொண்டுபோகும் இணைப்புகளிலும்தான் அதைத் தேட வேண்டும்.

வேகத்திலிருந்து அழுத்தத்துக்கு

இந்தியாவில் இதற்கான நூல் ஐ.எஸ். 875, பகுதி 3. 1957-இல் வந்தது, 1964-இல் திருத்தப்பட்டது, 1987-இல் பெரிதாக மாறியது, இப்போது நடப்பில் இருப்பது 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு. நாட்டை ஆறு காற்று மண்டலங்களாகப் பிரித்து, நொடிக்கு 33 மீட்டரிலிருந்து 55 மீட்டர் வரை அடிப்படை வேகம் கொடுக்கிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50, திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில், திறந்த நிலப்பரப்பில், ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடிய வேகம் இது.

ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை என்றதும், "நம்ம காலத்தில் வராது சார்" என்று உரிமையாளர்கள் சொல்வதுண்டு. கணக்கு வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அந்த வேகம் மிஞ்சப்பட நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு. இருபத்தைந்து ஆண்டுகளைச் சேர்த்தால் அது நூற்றுக்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கு அறுபத்து மூன்றுக்கும் மேல். வடிவமைப்பில் 1.5 என்ற சுமைக் காரணியை வைத்துப் பெருக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிப்படை வேகத்தை நான்கு காரணிகளால் பெருக்குகிறோம். கட்டடத்தின் ஆயுளைக் குறிப்பது கே1. சாதாரணத் தொழிற்கூடத்துக்கு 1. சுற்றுப்புறத்தையும் உயரத்தையும் குறிப்பது கே2. மலை, மேடு, பள்ளத்தாக்கைக் குறிப்பது கே3. நம் கடலோரச் சமவெளியில் அதுவும் 1. கே4 என்பது 2015 பதிப்பு கொண்டுவந்தது. கிழக்குக் கடற்கரையிலும் குஜராத் கரையிலும் கடலிலிருந்து 60 கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் தொழிற்கூடம் என்றால் 1.15, புயலுக்குப் பிறகும் இயங்கியே தீர வேண்டிய மருத்துவமனை போன்றவை என்றால் 1.30. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கடலைப் பார்க்காத ஊர்கள்தாம், ஆனாலும் இந்தப் பட்டைக்குள் வருகின்றன. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1.15 என்ற சின்ன எண் சுமையை 32 விழுக்காடு கூட்டுகிறது. 1987 பதிப்பைப் பார்த்துக் கட்டிய கடலோர ஷெட்டுகள் பெரும்பாலும் இந்த 32 விழுக்காடு இல்லாமல் கட்டப்பட்டவை. குறைந்த உயரக் கட்டடங்களின் புயல் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 15498 இந்தக் காரணியை 2004-லேயே சொல்லியிருந்தது. அதைத் தேடிப் படித்தவர்கள் குறைவு.

மீஞ்சூர் பக்கம் ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். அகலம் 20 மீட்டர், சுவர் உயரம் 8 மீட்டர், ஆறு மீட்டருக்கு ஒரு சட்டகம், கூரைச் சரிவு பத்துக்கு ஒன்று. திறந்த வெளி என்று கொண்டால் கே2-வும் 1, ஆகவே வேகம் 50 × 1.15 = 57.5. அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,984 நியூட்டன், அதாவது 202 கிலோ. புயல் பகுதி என்பதால் காற்றின் திசைக்காகக் கிடைக்கும் பத்து விழுக்காட்டுக் குறைப்பும் இங்கே கிடையாது.

இதே ஷெட்டைக் கோவையில் கட்டினால்? 39 மீட்டர் வேகம், கே4 ஒன்று, திசைக் குறைப்பும் உண்டு. சதுர மீட்டருக்கு 84 கிலோ மட்டுமே. மீஞ்சூர்ச் சுமை கோவைச் சுமையைப்போல 2.4 மடங்கு. "போன வருஷம் கோயம்புத்தூர்ல போட்ட அதே டிராயிங்தான், ஒண்ணும் ஆகல" என்று ஒரு ஃபேப்ரிகேட்டர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரே டிராயிங்கைப் பல ஊர்களுக்கு எடுத்துப் போவது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். அதுவே பெரிய ஆபத்தும்கூட.

கே2-வில் இன்னொரு சறுக்கல் நடக்கிறது. பத்து மீட்டர் உயரத்தில், கடலையோ மரமில்லாச் சமவெளியையோ நேராகப் பார்க்கும் இடத்துக்கு 1.05, திறந்த வெளிக்கு 1.00, கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்கு 0.91. தொழிற்பேட்டை என்றாலே கட்டடங்கள் நிறைந்த பகுதி என்று எடுத்துக்கொண்டு 0.91 போட்டுவிடுகிறார்கள். முதல் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் இடையே சுமையில் 33 விழுக்காடு வித்தியாசம். பேட்டையின் வரைபடத்தில் நூறு மனைகள் இருக்கலாம். இன்று எழுந்து நிற்பவை பன்னிரண்டு என்றால் மற்றதெல்லாம் காற்றுக்குத் திறந்த வெளிதான். ஓரத்து மனையில் நிற்கும் ஷெட்டுக்குக் கடல் பக்கம் கடைசிவரை மறைப்பு வரப்போவதில்லை. எந்த மனை, அதன் எந்தப் பக்கம் என்று நேரில் போய்ப் பார்க்காமல் கே2-ஐ எழுதக் கூடாது.

கூரையின் மேலே என்ன நடக்கிறது

காற்று சுவரில் மோதி, இறவாண விளிம்பில் ஏறி, கூரையை ஒட்டி வராமல் விலகி மேலே பாய்கிறது. விலகிய இடத்தில் கூரைக்கு மேல் அழுத்தம் குறைந்து உறிஞ்சல் உண்டாகிறது. சரிவு குறைந்த கூரைகளில் இது மோசம். பத்து டிகிரிச் சரிவில், காற்று குறுக்காக வீசும்போது முன்சரிவின் கெழு, அதாவது காற்றழுத்தத்தைப் பெருக்க வேண்டிய எண், -1.2 வரை போகிறது (கழித்தல் குறி என்றால் உறிஞ்சல்). சரிவு இருபது டிகிரி ஆனதும் -0.4 ஆகக் குறைந்துவிடுகிறது, முப்பதில் சுழியம். நாட்டு ஓட்டுக் கூரைகளின் செங்குத்தான சரிவு மழைநீர் வடிய மட்டும் உதவவில்லை, இந்த உறிஞ்சலிலிருந்தும் தப்பியது. இன்றைய ஷெட்டுகளில் தகட்டையும் உயரத்தையும் மிச்சப்படுத்தப் பத்துக்கு ஒன்று, அதற்கும் குறைவு என்று சரிவை இறக்கிவிட்டோம். அதற்கான விலையைக் காற்றுக் கணக்கில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காற்று நீளவாக்கில், முகப்புச் சுவரை நோக்கி வீசினால் முன்பகுதியின் இரு சரிவுகளிலும் -0.8. இது சராசரிக் கணக்கு. மூலைக்குச் சாய்வாகக் காற்று வரும்போது கூரை மூலையிலிருந்து கூம்பு வடிவச் சுழல்கள் இரண்டு கிளம்பி விளிம்போரமாக ஓடுகின்றன. அவற்றின் அடியில் உறிஞ்சல் பல மடங்கு ஏறும். விதி நூல் விளிம்போரத்துக்கென்று தனிக் கெழு தருகிறது. சுமார் ஐந்து டிகிரிச் சரிவுக்கு -1.4 வரை, தட்டைக் கூரைக்கு -2.0. நம் ஷெட்டில் இது விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் அகலப் பட்டைக்குப் பொருந்தும். அமெரிக்க விதி நூல் மூலைகளுக்கு இதைவிடக் கடுமையான எண்களை வைத்திருக்கிறது. பழைய சோதனைத் தரவுகளை மீண்டும் அலசி 2016 பதிப்பில் அவற்றை மேலும் உயர்த்தியது.

இந்தக் கெழுக்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். தொடக்கத்தில் விமானங்களுக்காகக் கட்டிய காற்றுச் சுரங்கங்களில், வழவழப்பான ஓட்டத்தில் கட்டட மாதிரிகளை வைத்து அளந்தார்கள். தரையோரக் காற்று அப்படி இல்லை. அது கொந்தளிப்பானது, உயரத்துக்கு ஏற்ப வேகம் மாறுவது. மாதிரியைச் சிறிதாக்கினால் தரையின் கரடுமுரடையும் அதே விகிதத்தில் சிறிதாக்கினால்தான் விடை சரியாக வரும் என்று டென்மார்க்கின் மார்ட்டின் யென்சன் 1958-இல் நிறுவினார். கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆலன் டேவன்போர்ட் 1965-இல் அதற்கென்றே நீண்ட காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். 1970-களில் அங்கே அவரும் டேவிட் சர்ரி, ஸ்டாதொபூலோஸ் ஆகியோரும் தாழ்வான கட்டடங்களை விரிவாகச் சோதித்தார்கள். பிறகு டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரில், டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் 9.1 மீட்டருக்கு 13.7 மீட்டர் அளவில், நான்கு மீட்டர் உயரத்தில் உண்மையான உலோகக் கட்டடம் ஒன்றைக் கட்டி, தண்டவாளத்தில் சுழற்றி, இயற்கைக் காற்றில் அளந்தது. கூரை மூலையில் அங்கே பதிவான உச்ச உறிஞ்சல், சுரங்கத்தில் மாதிரி காட்டியதைவிட அதிகம். ஆகவே மூலைக் கெழுவை ஏதோ மிகையான எச்சரிக்கை என்று யாராவது தள்ளுபடி செய்தால், அவர் உண்மைக்கு எதிர்த்திசையில் போகிறார். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் இத்தகைய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. வழக்கத்துக்கு மாறான வடிவங்களுக்கு அங்கே மாதிரிச் சோதனை செய்வது, அட்டவணையைப் பார்த்து ஊகிப்பதைவிட எவ்வளவோ மேல்.

உள்ளே புகும் காற்று

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கூரையைக் காற்று மேலிருந்து உறிஞ்சும் அதே நேரத்தில், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் கூடும்போது குடை கையிலிருந்து பறப்பதைப்போலக் கூரை கிளம்புகிறது. விதி நூல் இதை மூன்று படிகளாக வைக்கிறது. சுவரில் திறப்புகள் 5 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் உள் அழுத்தக் கெழு ±0.2, 5 முதல் 20 விழுக்காடு வரை ±0.5, அதற்கு மேல் ±0.7. இந்த 0.7 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. காற்று மோதும் சுவரின் வெளி அழுத்தக் கெழு 0.7. அந்தச் சுவரில் பெரிய வாய் திறந்தால் வெளியில் உள்ள அழுத்தம் அப்படியே உள்ளே குடிபுகும்.

நம் மீஞ்சூர் ஷெட்டின் முகப்புச் சுவரில் 4 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரத்தில் இரண்டு ரோலிங் ஷட்டர்கள் என்று வைப்போம். முகப்பின் பரப்பு, மேல் முக்கோணத்தையும் சேர்த்து 170 சதுர மீட்டர். ஒரு ஷட்டர் அதில் சுமார் 11 விழுக்காடு, இரண்டும் சேர்ந்தால் 21 விழுக்காடு. புயல் அந்த முகப்பை நோக்கி வருகிறது. ஷட்டர்கள் நிற்கும் என்று நம்பினால் கூரையின் மொத்தக் கெழு 0.8 + 0.2 = 1.0, சதுர மீட்டருக்கு 202 கிலோ மேல்நோக்கி. ஒரு ஷட்டர் போனால் 1.3, 263 கிலோ. இரண்டும் போனால் 1.5, 303 கிலோ. ஒன்றரை மீட்டர் இடைவெளியில், ஆறு மீட்டர் நீளத்தில் ஓடும் ஒரு பர்லினுக்கு இது 1.8 டன்னிலிருந்து 2.7 டன்னாக ஏறுகிறது. காற்றின் வேகம் ஒரு துளியும் கூடவில்லை. கதவு போனது, அவ்வளவுதான்.

அந்தக் கதவுக்கு என்ன கணக்கு போட்டோம்? முகப்பில் 0.7 தள்ளல், உள்ளே 0.2 உறிஞ்சல் என்று வைத்தால் 18 சதுர மீட்டர் ஷட்டரின் மேல் மூன்றேகால் டன். அதைத் தாங்குவது இரு பக்கமும் உள்ள கைடு சேனலுக்குள் சில சென்டிமீட்டர் நுழைந்திருக்கும் பட்டைகளின் முனைகள். காற்றில் ஷட்டர் உள்வாங்கி வளையும்போது அந்த முனைகள் நடுநோக்கி நகர்ந்து சேனலிலிருந்து வழுக்கி வெளியேறுகின்றன. ஒரு பட்டை கழன்றதும் மற்றவை வரிசையாகக் கழலும். முனைகள் வெளியே வராதபடி கொக்கி வைத்த பட்டைகளும் அதற்கேற்ற சேனலும் சந்தையில் உண்டு. ஆனால் ஷட்டர், ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் வருவதே இல்லை. அது கடைசியில், உள்ளூர் ஷட்டர் கடையில், சதுர அடி விலை பேசி வாங்கும் சாமான். சட்டகத்துக்குக் கணினி மாதிரி, ஷட்டருக்கு வாய்ப்பேச்சு! கூரையின் சுமையைப் பாதியளவு கூட்டவோ குறைக்கவோ செய்யும் உறுப்புக்கு இதுதான் மரியாதை.

ஆஸ்திரேலியர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். குயின்ஸ்லாந்தை 2011 பிப்ரவரியில் தாக்கிய யாசி புயலில் ஷட்டர் வகைக் கதவுகள் ஏராளமாகச் சிதைந்தன. அடுத்த ஆண்டே பெரிய கதவுகளுக்கான அவர்களுடைய தரநிலை திருத்தி வெளியிடப்பட்டது. அமெரிக்க விதி நூலில் 'பகுதி மூடிய கட்டடம்' என்ற வகைக்கு உள் அழுத்தம் ±0.55, மூடிய கட்டடத்துக்கு ±0.18, எந்த வகை என்று தெளிவாக முடிவெடுக்காமல் அங்கே மேலே போக முடியாது.

என் நிலைப்பாடு நேரடியானது. ஷட்டருக்குக் காற்றுச் சுமை கணக்கிட்டு, அதைத் தாங்கும் சேனலையும் பூட்டையும் டிராயிங்கில் காட்டினால் 0.2 எடுங்கள். காட்டவில்லையென்றால் கதவு திறந்தே இருப்பதாக வைத்து 0.5 அல்லது 0.7 எடுங்கள். "புயல் நேரத்தில் மூடிவிடுவார்கள்" என்பது கணக்கில் வைக்கத் தகுந்த காரணம் இல்லை. ஷட்டர் மட்டும் இல்லை. பக்கச் சுவரின் கண்ணாடி ஜன்னல், லூவர், கண்ணாடி இழைத் தகடு எதுவானாலும் பறந்து வரும் பொருள் பட்டால் திறப்புதான். பின்னாளில் உரிமையாளர் லாரி நுழைய இன்னொரு வாசல் வெட்டும்போதும் இதே கணக்கை மறுபடி போட வேண்டும். அப்படி வெட்டும்போது வழியில் குறுக்காக இருக்கும் பிரேசிங்கை (தூண்களுக்கு இடையே மூலைவாட்டில் ஓடும் கம்பிகளை) அறுத்து எடுத்துவிடும் பழக்கம் வேறு இருக்கிறது. நீளவாக்கில் வரும் காற்றை அஸ்திவாரத்துக்கு இறக்குவதே அந்தப் பிரேசிங்தான்.

ஸ்க்ரூவிலிருந்து ஃபுட்டிங் வரை

சுமை தெரிந்த பிறகு அது போகும் பாதையைப் பின்தொடர வேண்டும். தகடு, ஸ்க்ரூ, பர்லின், பர்லினைச் சட்டகத்தோடு இணைக்கும் கிளீட், சட்டகம், தூணை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட், ஃபுட்டிங் என்ற அஸ்திவாரத் திண்டு, மண். இதில் எது நலிந்ததோ அங்கே அறும்.

ஸ்க்ரூ தகட்டின் மேட்டில் 25 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால், ஒவ்வொன்றும் 0.375 சதுர மீட்டரைப் பிடிக்கிறது. கூரையின் நடுவில், கதவுகள் மூடிய நிலையில், ஒரு ஸ்க்ரூவுக்கு 76 கிலோ. விளிம்போரம், கதவுகள் போன நிலையில், 1.4 + 0.7 = 2.1 என்ற கெழுவில் 159 கிலோ. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஷெட்டில் ஏறிப் பார்த்தால் நடுவிலும் மூலையிலும் ஒரே இடைவெளிதான் இருக்கும். இரண்டு விதமாக அது தோற்கும். மெல்லிய பர்லினிலிருந்து மரை உருவிக்கொண்டு வரும், அல்லது ஸ்க்ரூ அப்படியே நிற்க, தகடு அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து மேலே போகும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளில் ஜே-போல்ட்டின் வளைவே நிமிர்ந்துவிடும்.

கிழிவதற்கு ஒரே ஓர் உச்ச வீச்சு வேண்டும் என்றில்லை. 1974 கிறிஸ்துமஸ் நாளன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி புயல் தகர்த்தது. விமான நிலையத்தின் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டரைப் பதிந்த பிறகு பழுதாகி நின்றது. ஆராய்ந்தபோது, ஒருமுறை இழுத்தால் தாங்கியிருக்கக்கூடிய தகடுகள், மணிக்கணக்கில் ஏறி இறங்கிய சுமையில் ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விட்டுக் களைத்து அறுந்தது தெரிந்தது. அதன் பிறகு அங்கே புயல் பகுதித் தகடுகளுக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுமைச் சோதனை கட்டாயமாயிற்று. ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் அகன்ற வாஷர் வைக்கும் வழக்கமும் வந்தது. நம் ஊரில் தகடு விற்பவர் தரும் பலம், பெரும்பாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்த பலம். எண்ணூர்க் காற்றின் உப்பில் சில ஆண்டுகள் நின்று ரப்பர் வாஷர் காய்ந்து, ஸ்க்ரூவின் கழுத்து துருவில் மெலிந்த பிறகு அதுவும் மிச்சமில்லை.

பர்லினில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒரு விஷயம் உண்டு. சுமை கீழ்நோக்கி இருக்கும்போது இசட் வடிவப் பர்லினின் மேல் இதழ் (மேல் விளிம்புப் பட்டை) அழுந்துகிறது. ஸ்க்ரூ அடித்த தகடு அதைப் பக்கவாட்டில் நெளியாமல் பிடித்துக்கொள்கிறது. காற்று தூக்கும்போது அழுந்துவது கீழ் இதழ். அதைப் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. அது முறுக்கிக்கொண்டு, தன் முழு வலுவை எட்டுமுன்னே சாய்கிறது. ஆகவே பர்லின்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பியான சேக் ராடைக் கீழ் இதழை ஒட்டியும் கொடுக்க வேண்டும், அல்லது கீழ் இதழை நெளியாமல் பிடிக்கும் தாங்குகளை இடையிடையே வைக்க வேண்டும். மேல் இதழருகே மட்டும் ஓடும் ஒற்றைக் கம்பி, தகடு ஏற்றும்போது பர்லின் தொங்காமல் இருக்க உதவுமே தவிர, புயலுக்கு உதவாது.

கடைசியாக ஃபுட்டிங். ஒரு சட்டகம் தாங்கும் கூரைப் பரப்பு 20 × 6 = 120 சதுர மீட்டர். பெரிய பரப்பு முழுவதும் ஒரே நொடியில் உச்சம் வராது என்பதால் விதி நூல் 0.8-ஆல் குறைக்க விடுகிறது. இரண்டு ஷட்டரும் போன நிலையில் ஒரு சட்டகத்தை மேலே தூக்கும் விசை 29 டன். கூரையும் சட்டகமும் சேர்ந்த எடை மூன்று டன்னுக்குள். மீதி 26 டன்னை இரண்டு தூண்களும் ஆளுக்குப் பதின்மூன்றாகத் தரையில் பிடித்து நிறுத்த வேண்டும். இது இன்னும் 1.5 என்ற காரணியால் பெருக்காத சுமை.

ஷெட்டுகளுக்கு வழக்கமாகப் போடும் ஒன்றரை மீட்டர்ச் சதுர ஃபுட்டிங்கை, ஒன்றரை மீட்டர் ஆழத்தில், 45 சென்டிமீட்டர் கனத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுட்டிங்கும் அதன் மேல் நிற்கும் குட்டைத் தூணும் சேர்ந்து மூன்று டன், மேலே நிரப்பிய மண் நான்கு டன். மொத்தம் ஏழுக்கு எட்டவில்லை. கீழ்நோக்கிய சுமைக்கு இது தாராளம். மண்ணின் தாங்குதிறனைப் பார்த்துப் போட்ட அளவு அது. மேல்நோக்கிய சுமைக்குப் பாதிதான். அதோடு, நம் புயல்கள் மழையோடுதான் வருகின்றன. தொழிற்பேட்டையில் வெள்ளம் தேங்கி மண் நீரில் மூழ்கினால் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் எடை குறையும். அதே ஃபுட்டிங் நான்கு டன்னைக்கூடப் பிடிக்காது. வறண்ட மண்ணின் எடையை வைத்துத் தூக்குவிசைக் கணக்கு போடுவது வடகிழக்குப் பருவமழையை மறந்து கணக்கு போடுவது. தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீமும் அதன் மேல் எழும் செங்கல் சுவரும் தூண்களோடு சரியாகப் பிணைக்கப்பட்டிருந்தால் கொஞ்சம் கைகொடுக்கும். பிணைக்காத சுவரின் எடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கட்டிக்கொண்டிருக்கும் நிலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். விதி நூல் கட்டுமானக் காலத்துக்கு ஆயுளைக் குறைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 50 மீட்டர் மண்டலத்தில் கே1 0.70, ஆகவே அழுத்தம் பாதியாகிவிடும். ஆனால் அக்டோபரில் கூரைத் தகடு ஏறி, முகப்புச் சுவர் ஜனவரியில்தான் என்று விட்டுவைத்தால், அந்த மூன்று மாதமும் உள் அழுத்தம் முழு அளவில் இருக்கும், பிரேசிங் அரைகுறையாக இருக்கும், தூண் அடித்தகட்டின் கீழே இடைவெளியை நிரப்பும் கிரவுட் கலவையைப் போட்டிருக்க மாட்டார்கள். கடலோரத்தில் கூரை முதலில், சுவர் பிறகு என்ற வரிசையைப் பருவமழைக்கு முன் முடிக்க முடியாவிட்டால், தகடு ஏற்றுவதைத் தள்ளிவைப்பதே நல்லது. வெறும் சட்டகத்தைக் காற்று அவ்வளவாகத் தொடாது.

ஏற்கெனவே நிற்கும் ஷெட்டுகளுக்கு முழுவதையும் பிரித்துக் கட்டச் சொல்ல முடியாது. செலவுக்கு ஏற்ற வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் ஷட்டர்: பட்டை முனைகளுக்குக் கொக்கியும் ஆழமான சேனலும், அது முடியாவிட்டால் புயல் எச்சரிக்கை வந்ததும் ஷட்டருக்குப் பின்னால் நடுவில் நிறுத்தித் தரையிலும் மேலேயும் பூட்டக்கூடிய கழற்றும் தூண். அகலம் பாதியானால் பட்டையின் வளைவு விசை நாலில் ஒன்றாகும்; இது ஒரு வெல்டரின் ஒருநாள் வேலை. அடுத்து விளிம்போர மூன்று மீட்டர்ப் பட்டையில் இருக்கும் ஸ்க்ரூக்களுக்கு நடுவே இன்னொரு வரிசை ஸ்க்ரூ, அகன்ற வாஷரோடு. துருப்பிடித்தவற்றை மாற்றுவதும் அப்போதே. பிறகு பர்லினின் கீழ் இதழுக்குத் தாங்கு. ஃபுட்டிங்தான் கடினம், அங்கே தூண்களை இணைத்துத் தரைமட்டத்தில் கான்கிரீட் பீம் ஓட்டி, தளக் கான்கிரீட்டின் எடையையும் அதில் மாட்டிவிடலாம். 15 சென்டிமீட்டர் கனத்தளம் சதுர மீட்டருக்கு 360 கிலோ. தூணைச் சுற்றி இருபது சதுர மீட்டர்த் தளத்தைக் கம்பியோடு பிணைத்தால் ஏழு டன் கூடுதலாகக் கிடைக்கும்.